எங்கட பள்ளிக்கூடத்துப் பெடியன்

சிட்னியில் எங்கள் ஆட்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் மூன்று கேள்விகள் கேட்பார்கள். ஊரில எவடம், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருசம். பதில் கிடைத்த பிறகுதான் பெயரைக் கேட்பார்கள். சிலர் அதற்குப் பிறகும் கேட்பதில்லை. நான் வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ரத்தம் சோதிக்கிறவன். மூன்று குழாய் ரத்தத்தில் நான் கண்டுபிடிக்க முடியாததை எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் அந்த மூன்று கேள்விகளில் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் ஊர் படித்த ஊர். இதை நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம், வேறு யாரும் சொல்ல முன்வராததால். பக்கத்து ஊர் மூன்று மைல் தள்ளி இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குப் படிப்பு ஏறாது, சண்டித்தனம் மட்டும் ஏறும் என்பது எங்கள் முடிவு. நாங்கள் எச்சில் கையால் காகம் கலைக்காதவர்கள் என்பது அவர்கள் முடிவு. அவர்கள் கல்லூரி நிறைய வழக்கறிஞர்களை உருவாக்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், பொய் அவர்களுக்குப் பிறவியிலேயே வரும் என்று நாங்கள் விளக்கம் கொடுப்போம். கல்லூரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டுமே பள்ளிக்கூடங்கள்தான், வாசலில் மட்டும் கல்லூரி என்று எழுதியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை இரண்டும் உதைபந்து ஆடும். ஆட்டம் முடிந்ததும் கல்லெறி நடக்கும், கல்லெறி முடிந்ததும் அடுத்த வருடம் வரைக்கும் அதைப் பற்றிய பேச்சு நடக்கும்.

கல்லெறியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் விமானத்தில் ஏற்றிச் சிட்னிக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரூங்காபியில் வாடகைக்கு எடுத்த மைதானத்தில், இரண்டு பழைய மாணவர் சங்கங்களும் மோதும். ஆடுபவர்களின் சராசரி வயது நாற்பத்தாறு. முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் பாதி அணி டொக்டர்கள் என்பதால், ஒருவன் விழுந்தால் உடனே அவனைச் சுற்றி ஒரு மருத்துவ மாநாடு கூடும். விழுந்தவன் எழும்பிப் போய் ரீ குடிக்கத் தொடங்கிய பிறகும் மாநாடு முடியாது. பிள்ளைகள் காருக்குள் இருந்து போன் பார்ப்பார்கள். என் மகள் ஒருமுறை கண்ணாடியை இறக்கி, இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். மூன்று மைல் என்றேன். அப்படியென்றால் இரண்டும் ஒரே இடம்தானே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள். அன்று பின்னேரம் முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

மெல்பேர்ண் எங்களைவிட முன்னேறிய இடம். அங்கே எங்கள் கல்லூரி ஒன்றுக்கே இரண்டு சங்கங்கள். கிரெய்கிபர்ன் பக்கம் மூன்றாவது ஒன்று முளைப்பதாகக் கேள்வி. பக்கத்து ஊரோடு மோத அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

நாங்கள் தொடர்ந்து ஏழு வருடம் தோற்றோம். முதல் மூன்று வருடமும் நடுவர் மேல் பழி போட்டோம். பிறகு மழை. பிறகு தலைவர், இளைப்பாறிய இதய வைத்தியர், “எங்கட ஆக்கள் யோசிச்சு விளையாடுறாங்கள், அதான் பிந்துது” என்று ஒரு விளக்கம் சொன்னார். எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. நான் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் விதிகளை, அதாவது யாப்பை, எழுதியவனும் நான்தான். அதில் ஒரு விதி இருக்கிறது: அணியில் இறங்குபவர் அந்தக் கல்லூரியில் குறைந்தது ஒரு வருடம் படித்தவராக இருக்க வேண்டும், தகுதியில்லாத ஆளை இறக்கினால் வெற்றிக் கிண்ணம் மற்றச் சங்கத்துக்குப் போகும். அவர்கள் தெருவில் போகிறவனைப் பிடித்துக் கொண்டுவருவார்கள் என்ற சந்தேகத்தில் எழுதிய விதி அது. சங்கத்தின் பெயரில் நற்சாட்சிக் கடிதம் கொடுப்பதானாலும் பழைய மாணவருக்கு மட்டும்தான் என்று இன்னொன்றும் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை.

எட்டாவது வருடம் எங்கள் குளியலறைக்கு ரைல்ஸ் ஒட்ட ஒருவன் வந்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சீமெந்து காயும் வரைக்கும் பின்வளவில் நின்றவன், மகளின் பழைய பந்து ஒன்று புல்லுக்குள் கிடந்ததைக் காலால் எடுத்தான். நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து நிலத்தில் படவேயில்லை. காலிலிருந்து முழங்காலுக்கு, தோளுக்கு, திரும்பக் காலுக்கு. நூறு வரைக்கும் எண்ணிவிட்டு, ரீயை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

“தம்பி, ஊரில எவடம்?”

அவன் சொன்னான். எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே கடற்கரையில் இருக்கும் ஒரு சிறு குறிச்சி. இரண்டு ஊர்களும் எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்திருக்கின்றன, அந்தக் குறிச்சி யாருடையது என்று மட்டும் பிடித்ததில்லை.

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“எங்கட இடத்திலேயே ஒண்டு இருந்தது அண்ணை. பத்தாம் வகுப்பு வரைக்கும்தான்.”

“எங்கட கொலிஜ் தெரியுமோ?”

“ஓம். சைக்கிளில பத்து நிமிசம்.”

பத்து நிமிடம் என்பது எனக்கு அப்போது அனுமதிப் பத்திரமாகத் தெரிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு விளையாட வாறியோ என்று கேட்டேன். வாறன் என்றான். பிறகு, கொஞ்சம் தயங்கி, தனக்கும் ஓர் உதவி வேண்டும் என்றான். படகில் வந்தவன். மூன்று வருடம் வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்திருக்கிறான். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது. தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். இலவசமாக வழக்குப் பார்க்கும் வழக்கறிஞர், இங்கேயுள்ள ஏதாவது சங்கத்திடம் இவன் நல்லவன் என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

“அதுக்கென்ன, தந்தாப் போச்சு,” என்றேன்.

அன்று பின்னேரம் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் என் யாப்பு என் முன்னால் வந்து நின்றது. பழைய மாணவன் இல்லாதவனுக்குக் கடிதமும் கிடையாது, அணியில் இடமும் கிடையாது. ஆகவே அவனைப் பழைய மாணவன் ஆக்கினேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இரண்டு வருடமும் எங்கள் கல்லூரியில் படித்தவர் என்று எழுதினேன். அந்தக் குறிச்சியிலிருந்து சைக்கிளில் வந்து படித்தான் என்றால் பக்கத்து ஊர்க்காரன் நம்பமாட்டான் என்று தோன்றவே, விடுதியில் தங்கிப் படித்தவர் என்றும் சேர்த்தேன். சேர்த்த பிறகு வாசித்துப் பார்த்தேன், மிகவும் நன்றாக இருந்தது. ஆங்கிலக் கடிதம். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கு அண்ணை என்று கேட்டான். நல்ல பெடியன் எண்டு எழுதியிருக்கு என்றேன்.

அவன் மூன்று கோல் போட்டான். பக்கத்து ஊர்க் கோல் கீப்பர், ஒரு பல் வைத்தியர், மூன்றாவது கோலுக்குக் கையைக்கூடத் தூக்கவில்லை. ஏழு வருடத்துக்குப் பிறகு கிண்ணம் எங்கள் கைக்கு வந்தது. தலைவர் அவனைக் கட்டிப்பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “எங்கட பள்ளிக்கூடத்துப் பெடியன்” என்றார். அவன் தலைவரின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தான். நான் மட்டன் ரோல் எடுக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து ஊர்ச் சங்கத்தின் செயலாளர் அவனைத் தனியாக ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அடுத்த வருடம் தங்களுக்கு ஆடச் சொல்லிக் கேட்கிறார் என்று அப்போதே விளங்கியது. அவரும் ஒரு கடிதம் கொடுக்கப்போகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. அவர்களுடைய யாப்பும் எங்களுடையதைப் பார்த்து எழுதியதுதான், ஆகவே அவர்களும் அவனைத் தங்கள் பழைய மாணவன் ஆக்க வேண்டியிருந்தது. அவர்கள் கடிதத்தின்படி அவன் அதே இரண்டு வருடமும் அவர்களுடைய கல்லூரியில் படித்து, பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைவனாகவும் இருந்திருக்கிறான். அதற்கும் அவனிடம் நல்ல பெடியன் எண்டு எழுதியிருக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கடிதத்தைவிட இரண்டு கடிதம் பலம் என்று நினைத்து, அவன் இரண்டையும் வழக்கறிஞரின் அலுவலகத்தில் கொடுத்தான். அவர்களும் கோப்போடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

நவம்பரில் அந்த வழக்கறிஞர் என்னை வேலையிடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளைக்காரப் பெண், இளவயது, குரலில் பொறுமை முடியப்போவது தெரிந்தது. தன் கட்சிக்காரர் ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களில் எப்படிப் படித்தார் என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவனுடைய முழு வழக்கும் ஒரு நாளில் நிற்கிறது என்றார். அவன் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் விடியற்காலையில் ஆமிக்காரர்கள் வந்து, அவன் கண் முன்னால் வீட்டிலிருந்து அவனுடைய அண்ணனைக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அவனைத் தேடி வந்தார்கள். வந்த நாளிலிருந்து அவன் சொல்லும் கதை இதுதான். உங்கள் கடிதத்தின்படி அந்த வருடம் அவர் வீட்டிலேயே இல்லை, உங்கள் விடுதியில் இருந்திருக்கிறார் என்றார் வழக்கறிஞர். மற்றக் கடிதமும் சேர்ந்து, அவன் போலிப் பத்திரம் கொடுக்கிற பொய்யன் என்று ஆகிவிட்டது. எழுதியவர்கள் தாங்கள் எழுதியது பொய் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரணைக்கு வந்து சொன்னால் இன்னும் நல்லது என்றார்.

வீட்டுக்கு வந்து கடிதத்தின் பிரதியை எடுத்து, விடுதி என்று சேர்த்த அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன்.

செயற்குழுவைக் கூட்டினேன். பெண்டில் ஹில்லில் தலைவர் வீட்டுக் கராஜில் ஒன்பது பேர் இருந்தோம். கிண்ணம் நடு மேசையில் இருந்தது. நான் விசயத்தைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் ரீக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். சரி, மனச்சாட்சி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

“அப்ப அவன் எங்கட பெடியன் இல்லையெண்டு எழுதினா, கப் அவங்களுக்கெல்லோ போகும்?” என்றார் பொருளாளர்.

“கப்பில எங்கட பேரும் வெட்டியாச்சு,” என்றார் இன்னொருவர்.

“அவங்கள் முதல்ல எழுதட்டும்,” என்றார் தலைவர். “அவங்கட கடிதம் பொய்யெண்டு அவங்கள் சொன்னா, எங்கட மட்டும்தானே மிஞ்சும். பிறகு முரண்பாடே இல்லை.”

நாற்பது வருடம் மனித இதயங்களை வெட்டித் தைத்தவர் சொன்ன யோசனை இது. எங்களுடைய கடிதம் தனியாக நின்றாலும் அவன் பொய்யன்தான் என்று விளக்கினேன். உப தலைவர், அப்படியென்றால் விடுதி என்ற சொல்லை மட்டும் எழுத்துப் பிழை என்று திருத்தலாமே என்றார். ஒரு மணித்தியாலம் அதைப் பற்றிப் பேசினார்கள். பாவம் பெடியன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். முடிவில், மற்றச் சங்கத்தின் பதிலுக்குக் காத்திருப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. அதைப் பதிவேட்டில் எழுதியவனும் நான்தான்.

பக்கத்து ஊர்ச் செயலாளரை அழைத்தேன்.

“உங்களுக்குத்தானே விளையாடினவன். நீங்கள் எழுதுங்கோ,” என்றார்.

“நீங்கள் குடுத்த கடிதம் உண்மையோ?”

“உங்கட அளவுக்கு உண்மை,” என்றார். முப்பது வருடத்தில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சொன்னதை நான் மறுக்க முடியாமல் போனது அன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லி, குசினியில் கதிரையை இழுத்துப் போட்டேன். நுனியில் இருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அண்ணை, நான் வந்த நாளில இருந்து ஒரே கதைதான் சொல்லுறன். படகால இறக்கி வச்சிருந்த தீவில கேட்டவங்கள், வில்லாவுட்டில கேட்டவங்கள், கோட்டில கேட்டவங்கள். ஒரு சொல்லு மாத்தேல்ல. என்னட்ட இருந்தது அது ஒண்டுதான்.”

நான் செய்கிறேன் தம்பி என்று ஏதோ முணுமுணுத்தேன். அவன் ரீயைக் குடித்துவிட்டு, குளியலறையில் ஒரு ரைல் கழன்றிருக்கா என்று பார்த்துவிட்டுப் போனான்.

மனைவி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள். “உங்கட சங்கத்துக்குக் கேட்டு எழுதப் போறியளோ? எழுதினது உங்கட கையெல்லோ?” என்றாள். அவள் பக்கத்து ஊர்க்காரி. இருபத்தைந்து வருடமாக அதைச் சொல்லியே அவள் வாயை அடைத்து வந்திருக்கிறேன். அன்று அது வேலை செய்யவில்லை.

நான் எழுதியது பொய் என்று என் சொந்தப் பெயரில் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் கழித்துச் சங்கத்திலிருந்து என்னை நீக்கிக் கடிதம் வந்தது. செயலாளர் நான்தான் என்பதால் அதை யார் எழுதுவது என்று அவர்களுக்குச் சிக்கலாகி, முன்பு ஒருவரை நீக்க நான் எழுதிய கடிதத்தையே பெயர் மாற்றி அனுப்பியிருந்தார்கள். பழைய ஆளின் பெயர் இரண்டாம் பந்தியில் அப்படியே இருந்தது. கிண்ணம் பக்கத்து ஊருக்குப் போனது. தங்கள் கடிதத்தைப் பற்றி அவர்கள் கடைசி வரைக்கும் வாயே திறக்கவில்லை.

விசாரணை அறை ஒரு வங்கி மனேஜரின் அறை அளவுதான் இருந்தது. விசாரித்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவன் ஒரு பக்கம், அவனுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் ஆங்கிலத்தில் சொல்வதெல்லாம் மெல்லிய குரலில் தமிழாக அவன் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அவர் கேட்டார். நான் யோசித்தேன். சமூக உணர்வு என்று தொடங்கினேன், யாப்பு என்றேன், பிறகு வேறு வழியில்லாமல் உதைபந்து என்றேன். உதைபந்தா என்று திருப்பிக் கேட்டார். ஆம் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பொய் என்று எழுதும்போது தெரியுமா என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து, தெரியும் என்றேன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று இவருக்குச் சொன்னீர்களா என்றார். அதற்கும் யோசித்தேன். இல்லை என்றேன்.

பிறகு அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, உங்கள் கல்லூரி இவர் வீட்டுக்குச் சைக்கிளில் பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறீர்கள், இவர் விரும்பியிருந்தால் அங்கே சேர்ந்திருக்க முடியாதா என்று கேட்டார்.

“முடியாது,” என்றேன்.

ஏன் என்று கேட்டார். அந்தக் குறிச்சிப் பிள்ளைகள் வந்து கேட்டால் அதிபர் இந்த வருடம் இடமில்லை என்று சொல்வார் என்றேன். இடம் இருக்கவில்லையா என்றார். இருந்தது என்றேன். எத்தனை வருடம் அப்படி என்றார். நான் படித்த வருடம் எல்லாம் என்றேன். சாதி என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவு பண்பானவர்கள் நாங்கள். சிட்னியில் ஓர் அரசாங்க அறையில், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க, அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் தமிழில் சொன்னார். அவரும் எங்கள் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும்.

அந்தப் பதில் அவனுக்கு உதவியது என்று வழக்கறிஞர் பிறகு சொன்னார். அவன் அந்தக் குறிச்சியில், அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில், அந்த வீட்டில்தான் இருந்திருக்க முடியும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாதாம். ஏழு கிழமையில் முடிவு வந்தது. அவன் சொன்னது உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். அவன் இனி இந்த நாட்டில் இருக்கலாம்.

செய்தி பரவிய அதே கிழமை தலைவர் என்னை அழைத்தார். என்னை நீக்கியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சங்கம் யாப்பைத் திருத்தியிருக்கிறதாம், கௌரவ உறுப்பினர் என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்களாம், கௌரவ உறுப்பினர்களும் அணியில் இறங்கலாமாம். “நீர் கேட்டா வருவான். ஓகஸ்டுக்கு முதல் கேளும்,” என்றார். எனக்கு வெட்கமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்: நான் கேட்டேன். அதன் மூலம் என்னையும் திரும்ப எடுப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது.

நான் தொலைபேசியில் அழைத்தபோது அவன் வேலையில் நின்றான். முதலில் நன்றி சொன்னான், விசாரணைக்கு வந்ததற்கு. நான் கௌரவ உறுப்பினர் விசயத்தைச் சொன்னேன். இப்ப காலம் மாறிட்டுது, எல்லாரும் உன்னை எங்கட பெடியனாத்தான் பாக்கினம் என்றும் சேர்த்தேன்.

“வேண்டாம் அண்ணை.”

“ஏன் தம்பி?”

“அண்டைக்கு அந்த அம்மா கேட்ட எல்லாக் கேள்விக்கும் நீங்கள் யோசிச்சு யோசிச்சுத்தான் பதில் சொன்னனீங்கள். நான் பாத்துக்கொண்டு இருந்தனான். சேர்ந்திருக்க முடியாதோ எண்டு கேட்டதுக்கு மட்டும் யோசிக்கேல்ல.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் யாரோ ரைல்ஸ் வெட்டும் சத்தம் கேட்டது. வேலை கிடக்கு, வைக்கிறன் அண்ணை என்றான்.